பேசாத கம்பியும் ஐந்நூறு புள்ளிகளும்

வணிகவியல் படிப்பவர்களுக்குப் புலனாகாச் சொத்து என்றால் என்னவென்று தெரியும். நற்பெயர், காப்புரிமை, வணிகக் குறி போன்றவை. கையால் தொட முடியாது, ஆனால் மதிப்பு உண்டு. இருப்புநிலைக் குறிப்பில் அதற்கென்று ஒரு வரி எழுதுவார்கள். அப்படி எந்த இருப்புநிலைக் குறிப்பிலும் ஏறாத ஒரு புலனாகாச் சொத்து நம் கடற்கரை ஊர்களில் இருக்கிறது. மீன்பிடிப் படகுக்காரர்களின் பழைய ஜிபிஎஸ் கருவிக்குள் வருடக்கணக்கில் சேர்ந்து கிடக்கும் புள்ளிகள்தான் அது.

புள்ளி என்றால் கடலில் ஓர் இடம். மீன் கூடும் பார், வலையைக் கிழிக்கும் பாறை, துறைமுக வாயிலுக்குத் திரும்ப வேண்டிய திருப்பம் என்று ஒவ்வொன்றையும் அந்த இடத்தில் இருக்கும்போதே பொத்தானை அழுத்திச் சேமித்திருப்பார்கள். அதற்கு முன்பெல்லாம் கரையில் தெரியும் மலை, கோயில் கோபுரம், மாதா கோயில் என்று இரண்டு மூன்று அடையாளங்களை ஒன்றோடொன்று நேர்ப்படுத்தித்தான் கடலில் இடம் கண்டுபிடித்தார்கள். ஜிபிஎஸ் பொதுமக்கள் கைக்கு வந்த பிறகும் அமெரிக்க அரசு வேண்டுமென்றே துல்லியத்தைக் குறைத்து வைத்திருந்தது. 100 மீட்டர் வரை தள்ளிக் காட்டும். 2000 மே மாதத் தொடக்கத்தில் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள். பிறகு பிழை 10 மீட்டர் அளவுக்கு இறங்கியது. சின்ன ஒரு பாரின் மேல் மறுபடியும் போய் நிற்கலாம் என்றானது.

அதே 2000இல் கார்மின் நிறுவனத்தின் மஞ்சள் நிற ஈட்ரெக்ஸ் வந்தது. கைக்குள் அடங்கும் அந்தக் கருவியில் 500 புள்ளிகளைச் சேமிக்கலாம். ஆனால் யுஎஸ்பி கிடையாது. கணினியோடு பேச வேண்டுமானால் சீரியல் கம்பி ஒன்றுதான் வழி.

இப்போது ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கன்னியாகுமரி பக்கம் ஒரு கடற்கரை ஊர். அப்பா படகுக்காரர். இருபது வருடக் கருவியின் திரை மங்கிக்கொண்டு வருகிறது, பொத்தான்களில் ஒன்று பாதி நேரம் வேலை செய்வதில்லை. மகன் கல்லூரியில் படிக்கிறான். புள்ளிகளைக் கணினிக்கு மாற்றித் தரும் பொறுப்பு அவன் தலையில் விழுகிறது. அப்பா ஒன்றே ஒன்றுதான் சொல்கிறார்: "மக்கா, நீ என்னமும் செய்யி. உள்ள இருக்கது மட்டும் அழிஞ்சிரப்பிடாது."

இந்த ஒரு வாக்கியத்தை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைப் படியுங்கள்.

கம்பி ஏன் தவறைச் சொல்வதில்லை?

மகன் பழைய சீரியல் கம்பியையும், மடிக்கணினிக்கு ஒரு யுஎஸ்பி மாற்றியையும் வாங்கி வருகிறான். செருகுகிறான். மென்பொருளைத் திறந்து பொத்தானை அழுத்துகிறான். ஒன்றும் நடக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து 'கருவி கிடைக்கவில்லை' என்று ஒரு செய்தி வருகிறது. அவ்வளவுதான்!

இணையத்தில் ஒரு பக்கம் இல்லையென்றால் இல்லை என்று மறுமுனை சொல்லும். அச்சு இயந்திரத்தில் தாள் தீர்ந்தால் தீர்ந்தது என்று சொல்லும். சீரியல் கம்பி அப்படி அல்ல. ஆர்எஸ்-232 என்ற இந்த முறை 1960இல் உருவானது. ஜிபிஎஸ் கருவிக்குப் பயன்படுவது அதன் மிக எளிய வடிவம். மூன்றே கம்பிகள். ஒன்றில் கணினி பேசும், ஒன்றில் கருவி பேசும், மூன்றாவது இரண்டுக்கும் பொதுவான தரை. மறுமுனையில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்கத் தனிக் கம்பி இல்லை. எந்த வேகத்தில் பேசுவது என்று கலந்து பேசவும் வழியில்லை. எல்லாவற்றையும் இரண்டு பக்கமும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். ஒப்புக்கொள்ளாவிட்டால் கிடைப்பது மௌனம், இல்லாவிட்டால் குப்பை.

மௌனத்துக்கோ பத்துக் காரணங்கள் இருக்கலாம். மாற்றி செத்திருக்கலாம், கம்பி அறுந்திருக்கலாம், முனையில் களிம்பு பிடித்திருக்கலாம், வேகம் தப்பாக இருக்கலாம், கருவி வேறு மொழியில் பேசிக்கொண்டிருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும். இந்த இடத்தில்தான் பலரும் பதறுகிறார்கள். வேகத்தை மாற்றுகிறார்கள், டிரைவரை அழிக்கிறார்கள், கருவியின் அமைப்புகளைத் தட்டுகிறார்கள், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில். பிறகு வேலை செய்தாலும் எது சரி செய்தது என்று தெரியாது. வேலை செய்யாவிட்டால் எது கெடுத்தது என்றும் தெரியாது. இதைவிட மோசம், கருவிக்குள் இருக்கும் 'எல்லாம் அழி' என்ற கட்டளையையோ, முழு மீளமைப்பையோ தொட்டுவிடும் ஆபத்து. பதறாத காரியம் சிதறாது என்பது இங்கே நூற்றுக்கு நூறு பொருந்தும்.

வங்கிக் கணக்கும் ரொக்க ஏடும் ஒத்துப்போகாதபோது என்ன செய்வோம்? இரண்டையும் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதுவதில்லை. வங்கிச் சரிகட்டும் பட்டியல் போட்டு, ஒவ்வொரு பதிவாக டிக் அடித்துக்கொண்டு வருவோம். எது வரை சரி, எங்கிருந்து வேறுபாடு என்று தானாகத் தெரிந்துவிடும். சீரியல் கம்பிக்கும் அதே வைத்தியம்தான்.

முதலில் ஒரு நோட்டுப் புத்தகம்

கம்பியைத் தொடுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது. அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, மிக முக்கியமான இருபது, முப்பது புள்ளிகளைத் திரையைப் பார்த்துக் கையால் எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு மணி நேரம் ஆகும், சலிப்பாக இருக்கும். ஆனால் பழைய மாடல்கள் சிலவற்றில் நினைவகத்தைக் காப்பாற்றுவது உள்ளே இருக்கும் ஒரு சின்ன பேட்டரிதான். அது தீர்ந்திருந்தால், வெளி பேட்டரியைக் கழற்றும் அந்த ஒரு நிமிடத்தில் எல்லாம் போய்விடலாம். நோட்டில் இருப்பது போகாது.

இன்னொன்று. பழைய கருவி தேதியைத் தப்பாகக் காட்டினால் பயந்து மீளமைக்கக் கூடாது. ஜிபிஎஸ் தன் வாரங்களை 1980 ஜனவரி 6இலிருந்து எண்ணுகிறது. பழைய முறையில் 1024 வாரம் முடிந்ததும் எண்ணிக்கை மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும். 1999 ஆகஸ்டில் ஒரு முறையும், 2019 ஏப்ரலில் ஒரு முறையும் அப்படி வந்தது. அதனால் சில கருவிகள் தேதியைச் சுமார் இருபது வருடம் பின்னால் காட்டும். சேமித்த புள்ளிகளுக்கு அதனால் ஒரு கேடும் இல்லை.

மாற்றியைத் தனியாகச் சோதிப்பது

கருவியைக் கழற்றி வைத்துவிட்டு யுஎஸ்பி மாற்றியை மட்டும் செருகுங்கள். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் போர்ட்டுகள் என்ற தலைப்பின் கீழ் 'காம் 4' மாதிரி ஒரு எண்ணோடு தெரிய வேண்டும். பக்கத்தில் மஞ்சள் முக்கோணம் இருந்தால் பிரச்சினை டிரைவரில். மலிவு மாற்றிகள் பலவற்றில் ப்ரொலிஃபிக் நிறுவனத்தின் சில்லு இருக்கும், அல்லது அதன் போலி இருக்கும். அந்தச் சில்லின் பழைய வகைகளைப் புதிய டிரைவர் ஏற்றுக்கொள்வதில்லை. அந்த வகை 2012லேயே நிறுத்தப்பட்டுவிட்டது என்று டிவைஸ் மேனேஜரிலேயே எழுதிக் காட்டும். அப்படி வந்தால் கம்பியோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. பழைய டிரைவர் போட வேண்டும், அல்லது வேறு சில்லு உள்ள மாற்றி வாங்க வேண்டும்.

மஞ்சள் முக்கோணம் இல்லையென்றாலும் மாற்றி வேலை செய்கிறது என்று நம்பிவிடக் கூடாது. ஒன்பது ஊசிகள் உள்ள முனையில் 2ஆம் ஊசி கணினி கேட்கும் காது, 3ஆம் ஊசி பேசும் வாய், 5ஆம் ஊசி தரை. 2ஐயும் 3ஐயும் ஒரு சின்னக் கம்பித் துண்டால் இணையுங்கள். இப்போது கணினி பேசுவது அதற்கே திரும்பிக் கேட்கும். புட்டி என்ற இலவச மென்பொருளில் அந்தக் காம் எண்ணைத் திறந்து, ஃப்ளோ கண்ட்ரோல் 'இல்லை' என்று வைத்துவிட்டு எதையாவது தட்டுங்கள். தட்டிய எழுத்து திரையில் வர வேண்டும். கம்பித் துண்டை எடுத்தால் வராமல் நிற்க வேண்டும். இரண்டும் நடந்தால் மாற்றிக்கு ஒரு டிக்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ரிச்சி தெரு மாதிரி கடைகளில் இதே விலையில், நான்கு வண்ணக் கம்பிகள் தொங்கும் வேறொரு மாற்றியும் கிடைக்கும். அது சிறு மின்னணுப் பலகைகளுக்கானது. 3.3 அல்லது 5 வோல்ட்டில் பேசும். ஆர்எஸ்-232இல் 0 என்பது நேர் மின்னழுத்தம், 1 என்பது எதிர் மின்னழுத்தம். இரண்டும் தலைகீழ். மாற்றி வாங்கும்போது ஒன்பது ஊசி முனை இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது.

கருவியைப் பேச வைப்பது

அடுத்தது கம்பியும் கருவியும். கடலில் கிடந்த கருவியின் பின்பக்க ரப்பர் மூடியைத் திறந்தால் முனைகளில் பச்சைக் களிம்பு இருப்பது ஆச்சரியமில்லை. மருந்துக் கடை ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துத் துடைத்து, நன்றாகக் காய விட வேண்டும். பல நேரம் கோளாறு இதோடு முடிந்துவிடும்.

பிறகு கருவியின் இன்டர்ஃபேஸ் அமைப்பை என்எம்இஏ என்று மாற்ற வேண்டும். அமெரிக்காவின் தேசியக் கடல்சார் மின்னணுவியல் சங்கம் 1983இல் கொண்டுவந்த என்எம்இஏ 0183 என்ற பொது மொழி அது. வேகம் நொடிக்கு 4800 பிட். ஒரு எழுத்துக்குத் தொடக்கமும் முடிவும் சேர்த்து 10 பிட் போகும், ஆக நொடிக்கு 480 எழுத்து. புட்டியில் 4800 என்று வைத்துத் திறந்தால், டாலர் குறியில் தொடங்கும் வரிகள் நொடிக்கொரு தடவை கொத்தாக வந்து விழ வேண்டும். மனிதக் கண்ணால் படிக்கக்கூடிய எழுத்துகள்.

ஒன்றுமே வராவிட்டால் கம்பியில் அறுப்பு, அல்லது 2ஆம் ஊசியும் 3ஆம் ஊசியும் மாறியிருக்கின்றன. கிறுக்கலாக வந்தால் வேகம் தப்பு. கிறுக்கல் வருவதுகூட நல்ல சகுனம்தான். கம்பி வழியாக ஏதோ வருகிறது என்று அர்த்தம்! வரிகள் ஒழுங்காக வந்து, ஆனால் நிலையைச் சொல்லும் இடத்தில் 'வி' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் இணைப்பில் குறை இல்லை. கருவிக்கு இன்னும் செயற்கைக்கோள் கிடைக்கவில்லை, அவ்வளவே. மொட்டை மாடிக்குக் கொண்டுபோனால் சிறிது நேரத்தில் அது 'ஏ' ஆகிவிடும்.

இந்தக் கட்டத்தில் விண்டோஸ் ஒரு வேடிக்கை காட்டும். சீரியல் போர்ட்டில் எலியைச் செருகிய காலம் ஒன்று இருந்தது. அந்தப் பழைய ஞாபகத்தில், தொடர்ந்து எழுத்துகள் வரும் போர்ட்டைப் பார்த்தால் அங்கே எலி இருக்கிறது என்று அது முடிவு கட்டிவிடுவதுண்டு. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் இது மிகப் பிரபலம், பிந்தைய பதிப்புகளிலும் நடந்திருக்கிறது. சுட்டி பேய் பிடித்தது போலத் திரை முழுக்க ஓடும், கண்டதையும் தானே அழுத்தும். வைரஸ் என்று பயந்து கணினியையே துடைத்துவிட்டுப் புதிதாக விண்டோஸ் போட வேண்டியதில்லை. கருவியைக் கழற்றினால் நின்றுவிடும். டிவைஸ் மேனேஜரில் எலிகளின் பட்டியலில் 'சீரியல் பால்பாயிண்ட்' என்ற பெயர் முளைத்திருக்கும். அதை முடக்கி வைத்தால் தீர்ந்தது. நீக்கினால் அடுத்த முறை மறுபடி முளைக்கும், அதனால் முடக்குவதே சரி.

வரி சரியென்றால் எல்லாம் சரியா?

ஒவ்வொரு வரியின் கடைசியிலும் நட்சத்திரக் குறிக்குப் பிறகு இரண்டு எழுத்துகள் இருக்கும். வரியில் உள்ள எல்லா எழுத்துகளையும் ஒரு விதிப்படி சேர்த்துக் கிடைக்கும் சரிபார்ப்பு எண் அது. பெறும் பக்கமும் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கும். ஒத்துப்போகாத வரியைத் தள்ளிவிடும்.

நம் இருப்பாய்வு மாதிரிதான் இது. பற்றும் வரவும் ஒத்துப்போனால் கணக்கில் பிழையே இல்லை என்று சொல்ல முடியுமா? ஈடுசெய் பிழைகள் தப்பித்துக்கொள்ளும் என்று முதல் வருடத்திலேயே படித்திருப்போம். இங்கேயும் இரண்டு எழுத்துகள் இடம் மாறி வந்தால் இந்தச் சரிபார்ப்பு எண் மாறாது. அதனால் கூட்டல் ஒத்துப்போவது ஆரம்பச் சோதனை மட்டுமே.

மொழியை மாற்ற மறக்காதீர்கள்

இவ்வளவும் சரியாக வந்த பிறகுதான் பலர் ஒரு சுவரில் முட்டிக்கொள்கிறார்கள். வரிகள் வருகின்றன, ஆனால் புள்ளிகள் வரவில்லை! காரணம் எளிது. என்எம்இஏ மொழியில் கருவி இப்போது எங்கே இருக்கிறது என்பதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கும். உள்ளே சேமித்த புள்ளிகளின் முழுப் பட்டியலைத் தராது. அதற்குக் கார்மினின் சொந்த மொழி வேண்டும். இன்டர்ஃபேஸ் அமைப்பை மறுபடி 'கார்மின்' என்று மாற்ற வேண்டும். வேகம் 9600 ஆகிவிடும்.

மாற்றியதும் புட்டியின் திரை வெறுமையாகும். பயப்பட வேண்டாம். இந்த மொழியில் கருவி கேட்டால்தான் பதில் சொல்லும், தானாகப் பேசாது. முன்பு கோளாறாக இருந்த அதே மௌனம் இப்போது சரியான நடத்தை. புட்டியை மூடிவிட வேண்டும். ஒரு காம் போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு மென்பொருள்தான் வைத்திருக்க முடியும். பிறகு ஜிபிஎஸ்பேபெல் என்ற இலவச மென்பொருளில் கார்மின் சீரியல் என்று தேர்ந்தெடுத்து, புள்ளிகளைக் கேட்க வேண்டும்.

இதுவும் கைகொடுக்காவிட்டால் இப்போது மகனுக்குத் தேடும் இடம் நன்றாகத் தெரியும். என்எம்இஏ சோதனையில் கருவி பேசியது, கணினி கேட்டது. ஒரு திசை மட்டும்தான் நிரூபணமாயிருக்கிறது. கார்மின் மொழிக்குக் கணினி கேள்வி கேட்பது கருவிக்குப் போய்ச் சேர வேண்டும். மாற்றியோ இரண்டு திசையிலும் தேறிவிட்டது. மிச்சம் இருப்பது 3ஆம் ஊசியிலிருந்து கருவி வரை போகும் ஒற்றைக் கம்பி. பத்துக் காரணங்கள் ஒன்றாகச் சுருங்கிவிட்டன. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் ஐந்து நிமிட வேலை.

வந்தது எல்லாம் வந்ததா?

புள்ளிகள் ஒரு கோப்பாக வந்து விழுந்ததும் கொண்டாடத் தோன்றும். கணக்கு எழுதுபவன் அப்போதுதான் டிக் அடிக்க உட்கார வேண்டும். கருவியில் எத்தனை? கோப்பில் எத்தனை? பிறகு நோட்டில் எழுதிய அந்த முப்பதையும் ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும்.

ஒப்பிடும்போது ஓர் இடத்தில் தடுமாறும். கருவியின் திரையில் ஒரு புள்ளி 8 டிகிரி 4.500 நிமிடம் வடக்கு என்று இருக்கும். கோப்பில் அதே புள்ளி 8.0750 என்று இருக்கும். இரண்டும் ஒன்றுதான். 60 நிமிடம் ஒரு டிகிரி, 4.5ஐ 60ஆல் வகுத்தால் 0.075. ஆனால் நோட்டைப் பார்த்துப் புதிய கருவியில் கையால் ஏற்றும் ஒருவர் அவசரத்தில் 8.0450 என்று தட்டிவிட்டால்? வித்தியாசம் 0.03 டிகிரி. கடலில் அது சுமார் 3.3 கிலோமீட்டர். எந்தச் சரிபார்ப்பு எண்ணும் இதைப் பிடிக்காது. இரவில் பாறையைத் தவிர்ப்பதற்காகப் பார்க்கும் புள்ளி அது என்றால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

முப்பதும் ஒத்துப்போன பிறகு கோப்பைப் பிரதி எடுத்து இரண்டு மூன்று இடங்களில் வைக்க வேண்டும். யார் யாரிடம் பிரதி இருக்கலாம் என்பதை அப்பாவிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். ஒரு பாரின் இடம் என்பது ஊருக்கெல்லாம் சொல்கிற விஷயம் இல்லை. கருவிக்குள் இருந்தவரை அது அவர் கையில் இருந்தது. கோப்பாகிவிட்டால் ஒரு சொடுக்கில் எங்கே வேண்டுமானாலும் போய்விடும்.

உங்கள் வீட்டு அலமாரியிலோ, சித்தப்பாவின் படகிலோ இப்படி ஒரு மஞ்சள் கருவி இருக்கிறதா? திரை தெரிகிற இந்த வாரமே ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். கம்பி வாங்குவதை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.